நஸீமாவின் ஈக்களும் பெண் வீட்டுச் சீரும்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுக்களையில் நான். பூஜை முடித்துத் தீர்த்தப் பாத்திரத்தோடு என் கணவர். கூடத்தில், நான்கு நாளாக ஊமையாகிவிட்ட டெலிபோனைப் பிரித்துப் போட்டிருந்த லைன்மேன். இட்லி மாவு கடன் கேட்டு வந்து பேச்சில் உட்கார்ந்துவிட்ட எதிர் போர்ஷன் விசாலம். அலமாரியில் பாட்டில் பாட்டிலாக நஸீமாவின் பழ ஈக்கள். வாசலில் நஸீமாவின் ஆய்வக அட்டெண்டர் முனுசாமி. சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"மாமி, மேடம் பூட்டாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "எப்போ? ஆத்துக்குத்தானே?" என்று சந்தோஷமாகக் கேட்டேன். லைன்மேன்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "அம்மா, அவர் சொல்றது அது இல்லீங்க" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

அடுப்பிலிருந்து அப்போதுதான் ரவையும் வெல்லமும் கடல்பாசியும் சேர்த்துக் கிளறியதை இறக்கி வைத்திருந்தேன். அது ஈக்களுக்கான சாப்பாடு. சூட்டோடு பாட்டில்களில் ஊற்றிவிட வேண்டும், ஆறினால் பாளமாகிவிடும். ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன். "ஈக்கு இன்னும் உசிர் இருக்கோன்னோ, ஊத்து" என்றார் என் கணவர். ஊற்றினேன். பிறகு தலைக்குக் குளித்தேன். "நமக்குத் தீட்டு இல்லையே" என்றார். இல்லைதான். ஏன் குளித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நஸீமாவின் கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் படிக்கப்போகும் மலர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். லெண்டிங் லைப்ரரி புத்தகங்களையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்ததுதான் மற்றதெல்லாம். வீட்டு வரவு செலவை ஒரு பைசா உதைக்காமல் எழுதுவேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வித்தை. பெரிய விஷயத்தில் பிழையாக எழுதியிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். குழப்பத்தை மட்டும் திருத்தாதீர்கள். அது என்னுடையது மட்டும் அல்ல, நஸீமாவுடையதும்தான்.

அவரை முதலில் பார்த்தது கோயில் குளத்துக்கு எதிரே ஒரு பழ வண்டியருகில். வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டோடு நான் நிற்கிறேன். தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மாள், வண்டிக்குக் கீழே அழுகிய வாழைப்பழங்களின் மேல் ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார்.

"இன்னாமா, பழம் வாங்கப் போறியா, ஈ வாங்கப் போறியா?" என்றாள் வண்டிக்காரி.

"ஈதான். என்ன விலை?"

"ஈ சும்மா எடுத்துக்க. குந்திக்கினு கீறதுக்குத்தான் வாடகை."

மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து வந்திருக்கிறார், வண்டியைத் தூக்கிவிடுவார் என்று எனக்குப் பயம். "கார்ப்பரேஷன்லேர்ந்து வரேளா? பாவம், ரொம்ப நாளா இங்கேதான் விக்கறா" என்றேன். அவர் குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டு எழுந்தார். "காலேஜ்லேர்ந்து வர்றேன் மாமி. வண்டிய ஒண்ணும் பண்ண மாட்டேன். எனக்கு இந்த மாப்பிள்ளைங்க மட்டும் போதும்." குழாய்க்குள் கடுகைவிடச் சிறிய ஈக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை என்று அவர் சொன்னது எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. அது விளையாட்டல்ல, அவருடைய வேலையே சம்பந்தம் செய்து வைப்பது என்று பின்னால் தெரிந்தது.

அவரிடம் இரண்டு வம்சங்கள் இருந்தன. எங்கள் குளத்தருகே பிடித்த ஈக்களின் வம்சத்துக்குக் குளக்கரை என்று பெயர். இன்னொன்று கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூட ஆய்வகத்தில், வெளி ஈ எதனோடும் கலக்காமல் பல காலமாகப் பாட்டிலிலேயே வளர்த்து வந்த வம்சம். அந்த ஆய்வகத்தை மூடியபோது நஸீமா ஒரு பால் பாட்டிலோடு போய் வாங்கி வந்திருந்தார். அதன் பெயர் கோபாலபுரம். வெளியே பறக்கிற எந்த ஈயைப் பிடித்தாலும் அதன் உடம்பில் ஒரு தாவும் ஜீன் இருக்கிறது என்றார். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் அறை அறையாகப் போய்ச் சாமான்களைக் கலைப்பதுபோல, அது ஜீன்களுக்கு நடுவே தாவித் தாவி அங்கே நடக்கிற வேலையைக் கெடுக்குமாம். கோபாலபுரத்து ஈக்கள் மட்டும் அதைக் கண்டதே இல்லை.

ஈக்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் அடுப்பு. கெடுதல் நன்றாகத் தெரிய வேண்டுமானால் குஞ்சுகள் வெதுவெதுப்பில் வளர வேண்டும். கல்லூரி அறையில் ஏ.சி. இருந்தது, சூடு வைக்கிற பெட்டி ரிப்பேர். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், அடுப்பை ஒட்டிய சுவரலமாரியில் நான் பாலை உறைக்கு வைப்பதைப் பார்த்தார். உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். "மாமி, மார்கழில கூட இங்க தயிர் உறையுமா?"

"காலம்பர வெச்சா மத்தியானம் கட்டி."

"இந்த இடம் எனக்கு வேணும்."

என் கணவர் கேட்டதும் செய்தித்தாளை மடித்துவிட்டார். "ஈ வந்தா விரட்டற ஆத்துல ஈயை வளர்க்கப் போறேளா? நைவேத்தியம் பண்ற இடம்." நஸீமா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், ஒரு ஈ வெளில வந்தாலும் நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். உண்மையில் பயம் எதிர்ப்பக்கமாக இருந்தது. எங்கள் வீட்டு ஈ ஒன்று உள்ளே நுழைந்தால் கோபாலபுரம் கெட்டுவிடும். அதனால் வாழைப்பழம் வாங்குவதை நிறுத்தினேன். சுவாமிக்குக் கற்கண்டு, உலர்ந்த திராட்சை. "சுவாமிக்கே ரேஷன் போட்டுட்டா உன் சிநேகிதி" என்று என் கணவர் கடைசிவரை குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் பஞ்சு அடைப்பு தளர்ந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பவரும் அவர்தான்.

இனி என் குழப்பத்துக்கு வருகிறேன். குளக்கரைப் பெண்ணுக்குக் கோபாலபுரத்து மாப்பிள்ளையைச் சேர்த்தால் பிறக்கிற மகள்கள் நன்றாக முட்டையிட்டுப் பெருகின. அதையே திருப்பி, கோபாலபுரத்துப் பெண்ணுக்குக் குளக்கரை மாப்பிள்ளையைச் சேர்த்தால், பிறக்கிற மகள்கள் பார்வைக்கு மொழுமொழுவென்று இருந்தன, ஆனால் சினைப்பை சுருங்கிப்போய் ஒரு முட்டைகூட இல்லை. ரவைக் களியைப் பார்த்தாலே தெரியும். ஒரு பாட்டிலில் புழுக்கள் நெளியும். மற்றதில் மேல்பரப்பு ஊற்றியபடி வழவழவென்று கிடக்கும்.

என் கணக்குப் புத்திக்கு இது உதைத்தது. "அப்பாகிட்டேர்ந்து பாதி, அம்மாகிட்டேர்ந்து பாதின்னேள். ரெண்டு சம்பந்தத்துலயும் சேர்ந்த சரக்கு ஒண்ணுதானே? வரவு ஒண்ணா இருக்கறச்சே செலவு எப்படி மாறும்?"

"எனக்கும் அதான் மாமி புரியல."

"புரியாமயேதான் இத்தனை பாட்டில் வெச்சிண்டிருக்கேளா?"

"புரிஞ்சிருந்தா பாட்டில் எதுக்கு? 'தெரியல'ன்னு சொல்றதுக்குத்தான் மாமி எனக்குச் சம்பளம்."

பகவான் சங்கல்பம் என்று வைத்துக்கொண்டால் எனக்கு மனசு அடங்கிவிடும் என்று ஒருமுறை சொன்னேன். அவர் ஐந்து வேளைத் தொழுகை விடாதவர். "அல்லா பண்ணாருங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எப்படிப் பண்ணாருன்னு கேக்கறதுக்கு அவர் கோச்சுக்க மாட்டாருன்னு ஒரு நம்பிக்கை" என்றார். அதிலிருந்து நானும் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

என் நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்கு முன்பு, எங்கள் கூடம் முழுக்கச் சீர்ப் பாத்திரங்கள் பரப்பியிருந்தன. நஸீமா பாட்டில் பார்க்க வந்தவர் ஒரு குத்துவிளக்கை எடுத்துப் பார்த்து, "இதெல்லாம் பத்திரத்துல எழுதுவீங்களா மாமி?" என்றார்.

"சொத்தைத்தான் பத்திரத்துல எழுதுவா. சீரை எங்கே எழுதறது? அம்மாக்காரி பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்புவா, அவ்வளவுதான்."

விளக்கைக் கீழே வைக்காமலே, "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். பிறகு, "மாமி, ஜீன் சொத்து. ரெண்டு பக்கமும் சமமா வருது. ஆனா பிள்ளை உண்டாகறது அம்மாவோட முட்டைக்குள்ளதானே? அந்த முட்டைக்குள்ள குளக்கரை அம்மா எதையோ வெச்சுக் கட்டி அனுப்புறா. தாவுற ஜீனை வாய மூடச் சொல்ற ஏதோ ஒண்ணு. கோபாலபுரத்து அம்மாவுக்கு அந்த ஜீனையே தெரியாது, அதனால வெக்கலை. அப்பாவால வெக்க முடியாது. அவன் கொண்டு வர்றது வெறும் சொத்துதான்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பேச்சில் அதற்குச் சீர் என்றே பெயர். அந்தச் சீர் என்ன பொருள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஏதோ புரதம் என்று படித்தவர்கள் சொல்வதாகவும், தனக்கு அதில் திருப்தி இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் ஒரு விபரீதம். போன வருஷம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. குளக்கரை அம்மாவுக்குப் பிறந்தவை மலடு, கோபாலபுரத்து அம்மாவுக்குப் பிறந்தவை பெருகின. நஸீமா பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் பொய் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனவர் சில வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. நான் கூப்பிட்டுப் பேசினாலும் ஈயைப் பற்றி எடுக்கமாட்டார். தக்காளி விலை பேசிவிட்டு வைத்துவிடுவார்.

அந்தத் தலைகீழ்ப் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியவர் முனுசாமி. பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவர். அவருடைய அண்ணனுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். காலையில் அங்கே எழுத்துக் கோத்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவார். தன் தங்கை மகளின் பத்திரிகையை மஞ்சள் தடவி நஸீமாவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நஸீமா பிரித்துப் படித்திருக்கிறார். மாப்பிள்ளை பெயர் முதலில், பெண் பெயர் பிறகு. படித்தவர் பத்திரிகையை அப்படியே போட்டுவிட்டுப் பாட்டில்களைப் பார்க்க ஓடியிருக்கிறார். ஈ வேலை செய்கிறவர்கள் எழுதும்போது பெண்ணைத்தான் முதலில் எழுதுவார்களாம், ஆணை அடுத்து. நஸீமாவுக்கு அது பழக்கம். யாருக்கும் சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை.

மறுநாள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அய்யே, மாப்புள பேரு முன்னாடி போடாத பத்திரிகை எங்கனா கீதா மாமி? நீங்களே சொல்லுங்க" என்றார் முனுசாமி.

"முனுசாமி, இது பத்திரிகை இல்ல. லேபிள்."

"ரெண்டு பேரைச் சேத்து வெக்கிறோம் இல்ல மேடம்? அப்பால இன்னா வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்கு. நம்ம ஈங்கள்ல எல்லாரும் வீட்டோட மாப்பிள்ளை. பொண்ணு இருக்கற பாட்டிலுக்குத்தான் அவன் வர்றான். அதனால வீட்டுக்காரி பேரு முன்னாடி."

"அப்டிச் சொல்லுங்க. வூட்டோட மாப்புளைக்கு மருவாத கெடையாது. இனிமே பொண்ணு பேரே போட்டுர்றேன்."

அன்று நஸீமா சிரித்த சிரிப்பில் விசாலம் எதிர் போர்ஷனிலிருந்து எட்டிப் பார்த்தாள். தன் எண்ணம் பொய்யாகவில்லை என்ற சிரிப்பு. அதற்குப் பிறகு எழுதிய பாட்டில்கள் எல்லாம் முன்போலவே நேராக வந்தன.

அதற்குப் பிறகுதான் நோய் வந்தது. நோயைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அவரும் பேசமாட்டார். அந்த நாட்களில் அவர் கொண்டுவந்த புதுச் செய்தி ஒரு புழுவைப் பற்றியது. வெளிநாட்டில் ஒரு சின்னப் புழுவுக்குள் இரட்டை இழையாக ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால், அதற்குப் பொருத்தமான ஜீன் வாயடைத்துப் போகிறதாம். புழுவில் மட்டுமல்ல, அதன் பிள்ளைகளிலும். ஆர்.என்.ஏ. என்பதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படி: ஜீன் பீரோவில் பூட்டியிருக்கிற பத்திரம். அது வெளியே வராது. அதிலிருந்து எழுதி எடுத்துப் போகிற சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துத்தான் வேலை நடக்கும். அந்தச் சீட்டோடு அச்சாகப் பொருந்துகிற ஆர்.என்.ஏ. வந்து சேர்ந்தால் சீட்டு அழிந்துவிடுகிறது. பத்திரம் பத்திரமாகவே இருக்கும், வேலை நடக்காது.

"மாமி, நம்ம சீர் அதுதானோ?" என்றார். தாவுகிற ஜீனுக்குப் பொருந்துகிற சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைத்தான் குளக்கரை அம்மா முட்டைக்குள் வைத்து அனுப்புகிறாளோ என்று அவருக்கு ஓர் ஊகம். ஊகம்தான், நிரூபணம் இல்லை என்பதைக் கையோடு சொல்லிவிடுவார்.

எனக்கு உடனே அடுத்த சந்தேகம். "சீர்ப் பாத்திரம் தேயாதோ? மகளுக்கு வந்ததுலேர்ந்து அவள் தன் மகளுக்கும் எடுத்து வெப்பாளா? இல்லே, அவளோட தீர்ந்துதா?"

"நல்ல கேள்வி. பதில் தெரியல. பார்த்துடுவோம்" என்றார். அவருடைய கடைசிச் சோதனை அதுதான். பேத்திகள் வரைக்கும் சீர் போகிறதா என்பது.

அது மார்கழி. அவர்களுக்கு ரம்ஜான் மாதமும் கூடவே வந்தது. விடியலில் நான் கோலத்துக்கு எழுந்திருக்கும்போது, ராயப்பேட்டையில் அவர் வீட்டில் நோன்புக்குச் சமையல் முடிந்திருக்கும். மாத்திரைகளால் தன்னால் நோன்பு வைக்க முடியாதது ஒன்றுதான் அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்ன வருத்தம். சோதனையின் முதல் சம்பந்தங்களை அவரால் கல்லூரிக்குப் போய்ச் செய்ய முடியவில்லை. வீட்டிலிருந்தபடி போனில் சொல்லச் சொல்ல முனுசாமிதான் இரண்டு பக்கமும் சேர்த்து வைத்து, பெயரும் எழுதி ஒட்டினார். இரண்டு பாட்டில்கள். இரண்டையும் ஏ.சி.யிலேயே வளர்த்தார்கள், குளிரில் வளர்ந்தால் எந்தப் பக்கத்து மகளும் மலடாகாது. ஜீனில் ஒரே மாதிரி, சீரில் வேறு வேறு. தையில் ஒருநாள், நஸீமா அந்த மகள்களை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, குளக்கரை மாப்பிள்ளைகளோடு சேர்த்து வைத்தார். பழைய பெயர்ச்சீட்டையே பார்த்துப் புதுப் பாட்டில்களிலும் எழுதி, அடுப்பலமாரியின் வெதுவெதுப்பில் வைத்தார். நடுவில் இரண்டு முறை சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தேன். "ஈக்கு வெல்லம், எனக்கு ஹார்லிக்ஸ். உங்க வீட்டுல எல்லாருக்கும் கவனிப்பு" என்றார்.

மாசி பிறந்ததும் அந்தப் பேத்திகள் வளர்ந்து புது ரவைக்கு மாறின. குளக்கரை முன்னால், கோபாலபுரம் பின்னால் எழுதிய பாட்டிலில் புழு நெளிந்தது. கோபாலபுரம் முன்னால் எழுதிய பாட்டில் வழவழவென்று கிடந்தது. அன்று மத்தியானமே அடையாறில் அவர் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய தம்பி மனைவி சுரையா வெளியே நின்றிருந்தார். "ரொம்ப பேச வெக்காதீங்க மாமி" என்றார்.

"நஸீமா, ஒண்ணுல நெளியறது. இன்னொண்ணு சுத்தம்."

"எதுல?"

"குளக்கரை முன்னாடி எழுதியிருக்கற பாட்டில்ல நெளியறது."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்; வாய் கொஞ்சம் கோணியது. "முனுசாமி போட்டதுதான் சரி" என்றார். அதோடு கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்துவிட்டார். நான் சந்தோஷமாக இருபத்தொன்பதாம் நம்பர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சுவாமி விளக்கை ஏற்றினேன்.

அவர் போன பிறகுதான் அந்த வார்த்தை என்னை அரிக்க ஆரம்பித்தது. சொன்னபடி பெண் பெயரை முன்னால் போட்டிருக்கிறார், முடிவு நேராக வந்திருக்கிறது, முனுசாமி போட்டது சரி என்றாரா? அல்லது பழைய வழக்கப்படி மாப்பிள்ளை பெயரை முன்னால் போட்டிருக்கிறார் என்பது நஸீமாவுக்குத் தெரிந்து, தன் எண்ணம் தவறு என்பதை அப்படிக் கேலியாகச் சொன்னாரா? இல்லை, அந்த நல்ல மனுஷரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனாரா? மூன்றும் அவர் சொல்லக்கூடியதுதான்.

முனுசாமியையே கேட்டேன்.

"பொண்ணு பேருதான் மாமி முன்னாடி. மேடம் சொன்னப்பொறம் மாத்துவனா?"

நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மாமி, மனசு கேக்கல. மார்கழில தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிச்சிக்கினு இருந்தோம். காலைல பூரா மாப்புள பேரு, பொண்ணு பேரு, மாப்புள பேரு, பொண்ணு பேருன்னு கோத்துட்டு அப்பிடியே காலேஜுக்கு வந்து அந்த லேபிளை எழுதுனேன். கை இன்னா எழுதுச்சோ. நான் சொன்னத நம்பிடாதீங்க."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஞாபகமே இல்லையா?"

"யோசிச்சா, ஒருக்கா அப்டித் தோணுது, ஒருக்கா இப்டித் தோணுது. மேடம் விசயத்துல வாய்க்கு வந்தத சொல்ல மாட்டேன் மாமி."

அந்தப் பாட்டில்களில் இருந்தவை வாழ்ந்து முடிந்துவிட்டன. சீட்டுகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்காரி பெயர் முன்னால் என்றால், அம்மா வைத்த சீர் பேத்திவரை போகிறது. நஸீமா நினைத்தது சரி. மாப்பிள்ளை பெயர் முன்னால் என்றால், எல்லாம் தலைகீழ். துறையில் ஒரு பெரியவர், "அவங்க நினைச்சது நிரூபணமாயிடுச்சுன்னே மலர்ல எழுதிடுங்களேன் அம்மா, ஆத்மா சாந்தியடையும்" என்று நல்ல எண்ணத்தோடு சொன்னார். கணக்கில் ஓர் இடம் உதைத்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் எனக்குப் பழக்கம். தொகை சேர வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு வரியைச் சேர்க்க மாட்டேன். நஸீமா விஷயத்தில் எப்படிச் சேர்ப்பேன்?

காரியத்தன்று ராயப்பேட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் ஓதிக்கொண்டிருந்த அறையில் எங்கே உட்காருவது, என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். சுரையா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாமி, ஆப்பாவோட ஈயெல்லாம் என்ன ஆகும்?" அக்காவை அவர்கள் வீட்டில் ஆப்பா என்பார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது எனக்கு முழு விவரம் தெரியாது.

விவரம் இதுதான். கல்லூரியில் அவருடைய அறை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டது, ஏ.சி.யும் அதோடு போயிற்று. யாரையும் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். முனுசாமி இரண்டு வம்சத்தின் பாட்டில்களையும் சைக்கிளில் கொண்டுவந்து என்னிடம் சேர்த்தார். அடுப்பலமாரியில் வைக்க முடியாது, வெயில் காலத்தில் அந்தச் சூடு தாங்காது. ஈரமணல் பரப்பிய தாம்பாளத்தில், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. குளக்கரை தாக்குப்பிடிக்கிறது, போனாலும் குளத்தருகே பிடித்துக்கொள்ளலாம். கோபாலபுரம் அப்படியில்லை. இந்த வாரம் அந்தப் பாட்டிலில் புழு குறைந்திருக்கிறது. நஸீமா சொன்னபடி பார்த்தால் அந்த வம்சம் போனால் வெளியே எங்கேயும் பிடிக்க முடியாது. அது இருந்தால்தான் அதே சோதனையை முதலிலிருந்து, சரியான பெயர் எழுதி, திரும்பச் செய்யலாம். என்னால் சோறு போட்டு வளர்க்க முடியும். பெண் எது ஆண் எது என்று மயக்கம் கொடுத்துப் பிரிக்கவோ, சினைப்பையைத் திறந்து பார்க்கவோ எனக்குக் கை வராது, கண்ணும் பத்தாது. அந்தச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை உங்களைப் போன்றவர்களுடையது.

அவர் தூரிகை எங்கள் ஸ்டோர் ரூமிலேயே தங்கிவிட்டது. சுரையா அதை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே, ஒருநாள் பாட்டிலை நான் ஆவலோடு திறக்கப்போனபோது நஸீமா சொன்ன ஒரு வார்த்தையையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்: "முடிவு தெரியறதுக்கு முன்னாடி அது மேல ஆசை வெச்சுடாதீங்க மாமி." இதை மட்டும் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. அவர் நினைத்தது சரியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அவர் வேண்டாம் என்ற ஆசையை அவருக்காகவே வைப்பது சரியா தவறா என்றும் தெரியவில்லை.

உங்களில் யாரிடமாவது குளிர்ந்த அறையும் மைக்ராஸ்கோப்பும் இருக்கின்றனவா? கோபாலபுரத்தையும் குளக்கரையையும் எடுத்துக்கொண்டு, அந்தச் சோதனையைத் திரும்பச் செய்வீர்களா? பாட்டில்களை நானும் முனுசாமியும் கொண்டுவந்து தருகிறோம். முடியும் என்றாலும் முடியாது என்றாலும் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வந்து சேரும். கத்திரி தொடங்கிவிட்டால் கேட்டுப் பயனில்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.